மேற்கே குளம்: நீர்நிலை ஓரக் குடியிருப்புகளும் வரையப்படாத எல்லையும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகியவர்கள் ஒரு வாய்பாட்டை அறிந்திருப்பர். பரப்பு இத்தனை, குழி இத்தனை என்று காணியின் விஸ்தீரணம் முதலில் வரும். அதன்பின் நாற்றிசை எல்லைகள் வரும். கிழக்கே இன்னாரது காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் உரிமைக்காரரது காணி, மேற்கே குளம். முதல் மூன்று எல்லைகளிலும் வேலி இருக்கும். கதியால் பெயர்ந்தாலும் பழைய மரத்தின் அடியேனும் எஞ்சியிருக்கும். நான்காவது எல்லையிலே இருப்பது நீர். அது மாரியில் வளவுக்குள் வரும். கோடையில் அரைக் கூப்பிடு தூரம் விலகிப் போகும். குளம் எவ்விடத்தில் முடிகின்றது, காணி எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதற்கு உறுதியில் ஓர் அளவும் கூறப்பட்டிருப்பதில்லை.

எழுதிய நொத்தாரிசையும் எழுதுவித்த பாட்டனாரையும் இதற்காகக் குறை கூறுவதற்கில்லை. அன்றைய ஊருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாயிருந்தது. குளத்தின் அலைகரையில் எவரும் வீடு கட்டவில்லை. மாடு மேய்ந்தது, வண்ணான் துணி வெளுத்தார், கோயிலுக்குத் தாமரை பறித்தார்கள். இன்று அந்த அலைகரையிலே மதிலும் மலக்குழியும் மாடிப்படியும் எழுந்துவிட்ட நிலையில், ‘மேற்கே குளம்’ என்ற இரு சொற்கள் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் ஐயத்துக்குள்ளாக்கப் போதுமானவையாகிவிட்டன.

2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை மூழ்கடித்தது. 2024 நவம்பரில் ஃபெங்கல் புயலின்போதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் தாழ்நிலங்களில் வாழ்ந்த மக்கள் மீண்டும் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. வெள்ளம் வடிந்த ஒவ்வொரு தடவையும் ஒரே குரல் எழுவது வழமை: குளங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றுங்கள், மூடிய வாய்க்கால்களைத் திறவுங்கள். கோரிக்கை நியாயமானதே. ஆயினும் ஆக்கிரமித்தவர் யார் என்பதை எந்தக் கோட்டைக் கொண்டு தீர்மானிப்பது என்ற வினா எழுந்தவுடன் பிரதேச செயலகம் உள்ளூராட்சிச் சபையைப் பார்க்கின்றது. சபை கமநலத் திணைக்களத்தைப் பார்க்கின்றது. திணைக்களம் நில அளவைக்கு எழுதுகின்றது. குளத்தை மண்ணிட்டு நிரப்பிக் கடை கட்டியவரும், மூன்று தலைமுறை உறுதியுடன் வாழ்பவரும் இதற்கிடையில் ஒரே பட்டியலில் இடம்பெற்றுவிடுகின்றனர். இரண்டாமவருக்குச் சட்டம் என்ன கூறுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளம் இங்கு ஓர் அழகுப் பொருளன்று என்பதை முதலிலே கூறிவிட வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. ஆறு என்ற பெயருடன் ஓடுவது தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிவரை மாரியில் மாத்திரம் நீர் கொண்டு செல்லும் வழுக்கியாறு ஒன்றே. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். அந்த நீர் சுண்ணக்கல் நிலத்தினுள் இறங்கிக் கிணறுகளில் நிலைக்க வேண்டுமாயின் அது சில வாரங்களாவது தரையில் தங்கவேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களையும் கேணிகளையும் நம் முன்னோர் வெட்டியும் காத்தும் வந்தது இதற்காகவே. குளத்தை நிரப்புபவர் பக்கத்து வளவுக் கிணற்றை மாத்திரமல்ல, தமது கிணற்றையும் உவராக்குகின்றார். எனவே குளக்கரையில் வாழ்பவரது நலனும் குளத்தின் நலனும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்ற எண்ணம் தவறானது. இரண்டையும் மோதவிடுவது வரையப்படாத அந்தக் கோடே.

ஒரு குளத்துக்கு உரிமையாளர் யார்? கேள்வி எளிது, விடை எளிதன்று. வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளமாயின் அது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் பார்வைக்குள் வருகின்றது. அதனைப் பேணும் பொறுப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்புக்கும் உரியது. குளத்தை ஒட்டிய வயலை மண்ணிட்டு மேடாக்குவதற்கும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வயல் அழிந்து நகரத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்ட குளமாயின் நிலைமை வேறு. ஆரியகுளம், புல்லுக்குளம் போன்றவற்றை யாழ்ப்பாணம் மாநகர சபையே பராமரிப்பது வழமை. தியாகி அறக்கொடை நிறுவனத்தின் நிதியுதவியுடன் மாநகர சபை புனரமைத்த ஆரியகுளம் 2021 டிசெம்பரில் மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். இவற்றுக்கு மேலாக 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டம் உண்டு. பொது ஏரிகளிலும் பொது நீரோடைகளிலும் நீரைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்துவதற்கும், அவற்றின் ஓரங்களை அரச ஒதுக்கீடாகப் பிரகடனம் செய்வதற்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது. கோயிலுக்குரிய கேணிகளும் தனியார் உறுதியில் அடங்கிய துரவுகளும் இக்கணக்கில் சேராதவை.

கட்டடம் எழுப்புவதற்கான அனுமதி இன்னொரு வழியாக வருகின்றது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சிச் சபையே வரைபடத்தை அங்கீகரிக்கின்றது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளும் சேர்ந்து இயங்குகின்றன. இங்கேதான் பலர் இடறுகின்றனர். சபை வரைபடத்தை அங்கீகரித்து, சோலைவரியும் வாங்கிக்கொண்டிருந்தால் காணி தமதே என்று உறுதியாகிவிட்டதாக அவர்கள் கருதுகின்றனர். அது சரியன்று. கட்டட அனுமதி, கட்டடம் விதிகளுக்கு அமைந்தது என்பதைக் கூறுமேயன்றி நிலத்தின் உரிமையைத் தீர்மானிக்காது. சோலைவரிப் பற்றுச்சீட்டும் அத்தகையதே. உரிமை வேறு வழக்கில், வேறு மன்றில் தீர்க்கப்பட வேண்டியது.

குளத்தைவிட்டுக் கடல்நீரேரியின் ஓரத்துக்கு வந்தால் சட்டத்தின் கோடு இன்னும் தூரம் போகின்றது. குருநகர், பாஷையூர், கொழும்புத்துறை, நாவாந்துறை, அராலி முதலிய இடங்களில் வாழ்பவர்களும், தொண்டைமானாறு, உப்பாறு நீரேரிகளின் கரைகளில் வாழ்பவர்களும் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தை அறிந்திருத்தல் அவசியம். கரையோர வலயம் என்பது உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையிலானது என்பது பொதுவாகத் தெரிந்த விடயம். கடலுடன் நிரந்தரமாகவோ இடையிடையேயோ தொடர்புடைய ஆறுகளுக்கும் நீரேரிகளுக்கும் தனி அளவு உண்டு என்பது அவ்வளவாகத் தெரியாதது. முகத்துவாரத்தில் வரையப்படும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். 2011 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்நீர்நிலைகளின் ஓரமாக மேலும் 100 மீற்றர் நிலத்தை அதனுள் சேர்த்தது. இவ்வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை எதனையும் தொடங்குவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியின்றி எழுந்த கட்டடத்தை இடித்தகற்றும் அதிகாரமும் அத்திணைக்களத்துக்கு உண்டு. சொந்த உறுதிக் காணியாயினும் இவ்விதி பொருந்தும் என்பதைக் கவனிக்க. இங்கே பிரச்சினை உரிமை பற்றியதன்று, பயன்பாடு பற்றியது.

இதிலே குடாநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர் உட்புகாது தடுத்து நீரேரிகளை நன்னீராக்கும் நோக்குடன் கதவணைகள் கட்டப்பட்டன. கதவு மூடியிருக்கும் நீரேரி கடலுடன் தொடர்புடையதா? வெள்ளக் காலத்தில் கதவுகள் திறக்கப்படுவதால் ‘இடையிடையே’ என்ற சொல் பொருந்தும் என்பதே நமது கருத்து. ஆயினும் கதவணைக்கு உட்புறம் வாழும் ஒருவர் இதனைத் தாமே ஊகித்து வீடு கட்டுவதைவிட, திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை உறுதியுடன் சேர்த்து வைப்பது பாதுகாப்பானது.

இனி, நீர் விலகிய நிலத்துக்கு வருவோம். ஐந்தாறு ஆண்டுகள் மழை குறைந்து குளம் சுருங்கினால், வெளிப்பட்ட தரை கரைக்காணிக்காரருக்குச் சேருமா? வேலியை ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழம் முன்னகர்த்துபவர்கள் சேரும் என்றே எண்ணுகின்றனர். யாழ்ப்பாணத் தமிழரின் ஆதனங்களைத் தேசவழமை ஆளுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுக்கப்பட்ட அத்தேசவழமை வாய்திறவாத இடங்களில் உரோம டச்சுச் சட்டமே பொதுச் சட்டமாக நிற்கின்றது. அந்த மரபின் ஊற்றுக்கண்ணான யுஸ்தினியன் சக்கரவர்த்தியின் சட்டத் தொகுப்பில் இதற்கு நேரடியான விடை இருப்பது வியப்புக்குரியது. ஆற்றங்கரைக் காணிக்கு ஆறு மெல்ல மெல்லக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் கரைக்காரருக்கு உரியதாகலாம். ஏரியும் குளமும் அப்படியல்ல. அவை சில வேளை பெருகினாலும் சில வேளை வற்றினாலும் தத்தம் எல்லையை இழப்பதில்லை என்றும், ஆதலால் அவற்றின் ஓரத்தில் வண்டல் உரிமை கிடையாது என்றும் கலிஸ்திராத்துஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்தாக அத்தொகுப்பு கூறுகின்றது. 1,400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய இவ்விதி இரு பக்கமும் வெட்டும் வாள். வற்றிய குளத்தின் தரை வளவுக்காரருக்குச் சேராது. அதேபோலப் பெருகிய குளம் வளவின்மேல் ஏறி நின்றதால் வளவு அரசுக்கும் சேராது. ஒரு வெள்ளத்தின் உச்சநீரைப் படம்பிடித்து, அதுவரை குளம் என்று சொல்லும் அதிகாரியும், ஒரு கோடையின் வெடித்த தரையைக் காட்டி அதுவரை தமது என்று சொல்லும் குடியிருப்பாளரும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் உரிமை கிடைத்துவிடும் என்பது நம்மிடையே வேரூன்றிய இன்னொரு நம்பிக்கை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தனியாருக்கிடையிலேயே அவ்வாறு கூறுகின்றது. அரசுக்கு எதிராக அது செல்லாது. குளத்தின் தரை அரச காணியாயின் அதிலே நாற்பது ஆண்டுகள் இருந்தாலும் ஆட்சி உரிமையாகாது. தனியாருக்கிடையிலும் போரினால் ஒரு விலக்கு ஏற்பட்டுள்ளது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலவிதிப்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், ஆயுத மோதல் காரணமாகத் தம் காணியை அணுகமுடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு வழி செய்தது. 1990 இலும் 1995 இலும் ஊரைவிட்டுப் போனவர்களின் குளக்கரைக் காணிகளில் பின்னர் குடியேறியோருக்கும், திரும்பி வந்த உரிமையாளருக்குமிடையிலான வழக்குகளில் இச்சட்டம் எழுப்பும் வினாக்கள் தனிக் கட்டுரைக்குரியவை.

அரசு ஒருவரை அரச காணியிலிருந்து வெளியேற்ற விரும்பினால் அது பெரும்பாலும் கையிலெடுப்பது 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப்பெறல்) சட்டத்தை. நடைமுறை மிகக் குறுகியது. தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும்படி அறிவித்தல் கொடுப்பார். வெளியேறாவிடின் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பம் செய்வார். மன்றில் நின்று ‘இது அரச காணியன்று, எனது முதுசொம்’ என்று வாதிக்க இயலாது. அரசு வழங்கிய செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்துமூல அதிகாரமோ இருந்தால் காட்டலாம், அவ்வளவே. வெளியேற்றற் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. உறுதியுடன் வாழ்பவர் ஒருவருக்கு இது எத்தகைய அதிர்ச்சி என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் ஒரு கதவை மாத்திரம் திறந்து வைத்திருக்கின்றது. கட்டளை பிறந்த ஆறு மாதங்களுக்குள் உரிமை எடுத்துரைக்கும் வழக்கை அரசுக்கு எதிராகத் தாக்கல் செய்யலாம். வென்றால் நட்டஈடு பெறலாம். வீடு போனபின் வரும் வெற்றி அது.

அதற்கு முன்னரே அறிவித்தலை இரத்துச் செய்விக்கும் வழி, நீதிப்பேராணை. அதிலும் ஒரு தூரம் இருக்கின்றது. மாகாணத்திலுள்ள மேல் நீதிமன்றிலேயே இத்தகைய பேராணையைப் பெறலாம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. சொலைமுத்து ராசு வழக்கில் 2013 செப்டெம்பர் 26 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அரச காணி மாகாண சபைகளின் நிரலில் அடங்கிய விடயமன்று; ஆகவே மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இவ்விடயத்தில் நியாயாதிக்கம் இல்லை என்று அத்தீர்ப்பு கூறியது. பதின்மூன்றாம் திருத்தத்தின் காணி அதிகாரம் பற்றி இத்தீர்ப்பு எழுப்பிய அரசியல் விவாதம் எல்லோருக்கும் தெரியும். அதன் அன்றாட விளைவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரியாலையிலோ கொட்டடியிலோ அறிவித்தல் பெற்ற ஒருவர், உறுதியையும் நிலப்படத்தையும் பையிலிட்டுக்கொண்டு கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பேருந்து ஏற வேண்டியவராகிறார்.

இத்தகைய அச்சம் கற்பனையன்று என்பதை 2025 இன் நிகழ்வு காட்டியது. அவ்வாண்டு மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியில், 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வட மாகாணத்தின் கரையோரப் பகுதிகளில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலங்கள் பற்றி அறிவித்தல் வெளியாயிற்று. உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வராவிடின் அவை அரச காணிகளாகப் பிரகடனம் செய்யப்படலாம் என்பது அதன் பொருள். பெரும்பங்கு யாழ். மாவட்டத்துக்குரியதாயிருந்தது. உறுதிகளைப் போரில் தொலைத்தவர்களும், உரிமையாளர் பாதிப்பேர் வெளிநாடுகளில் வாழும் குடும்பங்களும் மூன்று மாதங்களுக்குள் என்ன செய்ய முடியும் என்ற வினா எழுந்தது. விடயம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று ஜூன் மாத இறுதியில் இடைக்காலத் தடையுத்தரவு பிறந்தது. அந்த மூன்று மாதங்களில் அற்றோணித் தத்துவங்களுக்காகவும் பழைய தோம்புப் பிரதிகளுக்காகவும் மக்கள் அலைந்த அலைச்சலை எந்த உத்தரவாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

சட்டத்தின் முன் இத்தனை தரப்புகள் நிற்கையில் கரையில் வாழும் மக்கள் எவ்வடிவில் நிற்கின்றனர்? தனித்தனிக் குடும்பங்களாக. ஐக்கிய அமெரிக்காவில் ஏரிக்கரைக் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு உரிமையாளர் சங்கம் என்பது காணியுடன் ஒட்டிப் பிறக்கும் ஓர் அமைப்பாகும். வீட்டை வாங்குபவர் விரும்பினும் விரும்பாவிடினும் அதன் உறுப்பினர். சந்தா கட்டியாக வேண்டும். புளோரிடா மாநிலச் சட்டநூலின் 720 ஆம் அத்தியாயம் முழுவதும் இச்சங்கங்களைப் பற்றியதே. ஏரியின் அடித்தளமே சங்கத்துக்குச் சொந்தமாயிருக்கும் இடங்களும் உண்டு. அங்கே எழும் சண்டைகள் பெரும்பாலும் சங்கத்துக்கும் உறுப்பினருக்குமிடையிலானவை. இலங்கையில் அதற்கு ஓரளவு நிகரானது மாடிமனைகளுக்கே உண்டு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிமனை உடைமைச் சட்டத்தின்கீழ் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பிறக்கின்றது. தனித்தனி வளவுகளில் வாழும் குளக்கரை மக்களுக்கு அத்தகைய சட்டப் பிறப்பு எதுவும் கிடையாது.

நம் ஊர்களில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை என்று ஒரே குளத்தைச் சுற்றி நான்கு இருக்கும். ஆனால் குளத்தைப் பற்றிச் சட்டப்படி பேச இவற்றுள் எதற்கு வலு உண்டு? கமக்காரர் அமைப்பு பதிவுடன் சட்ட ஆளுருவம் பெறுகின்றது. அதாவது வழக்குத் தொடுக்கவும் தொடுக்கப்படவும் அதனால் இயலும். வயலில்லாத நகரக் குளத்துக்கோ கமக்காரர் இல்லை. அங்கு வாழ்வோர் 1891 ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழோ, 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் மட்டுப்படுத்தப்பட்ட கம்பனியாகவோ பதிவு செய்துகொள்ளும் வழி உண்டு. கம்பனி என்றவுடன் நம்மவர் பின்வாங்குகின்றனர். வருடாந்தக் கணக்கும் அறிக்கையும் ஒப்படைக்க வேண்டும் என்பது உண்மையே. அதற்கீடாக, தலைவர் வெளிநாடு போனாலும் செயலாளர் காலமானாலும் அழியாத ஒரு சட்ட ஆள் கிடைக்கின்றார். குளத்தைத் தூர்வாரச் சபையுடன் எழுத்தில் உடன்படிக்கை செய்யவும், புலம்பெயர்ந்த உறவுகளின் நிதியை ஒரு வங்கிக் கணக்கில் வாங்கவும் அந்த ஆள் வேண்டும்.

உறுப்பினராவதற்கு இங்கு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. இது இந்த வழியின் பலவீனம். முப்பது வீட்டில் இருபத்தெட்டுச் சேர்ந்தாலும், வாய்க்கால் வாயில் மதில் கட்டிய இருவர் வெளியே நின்றால் வேலை கெடும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. மேட்டுக் காணியின் இயல்பான நீரோட்டத்தைத் தாழ்ந்த காணி ஏற்றேயாக வேண்டும் என்பது உரோம டச்சுச் சட்டத்தின் கொள்கை. பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்குடன் சேர்த்து எழுதப்பட்டிருக்கும் வழிவாய்க்கால் உரிமையும் வெறும் அலங்காரமன்று. மாவட்ட நீதிமன்றில் நிலைநாட்டக்கூடிய சேவகத்துவ உரிமை அது. சீதனமாக வளவு மூன்றாகப் பிரிக்கப்படும்போது புதிய உறுதிகளில் இந்த வரியை விட்டுவிடும் வழக்கம் பெருகியிருப்பது கவலைக்குரியது. வெள்ளம் பொதுத் தொல்லையாகும் அளவுக்கு அடைப்பு ஏற்பட்டால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ் நீதவான் அதனை அகற்றக் கட்டளையிடலாம். செலவு குறைந்த, விரைவான வழி இது.

பெரிய விடயங்களில் உயர் நீதிமன்றம் மக்களின் பக்கம் நின்ற முன்மாதிரிகள் இருக்கின்றன. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000 ஆம் ஆண்டில், அரசு இயற்கை வளங்களின் எஜமானன் அல்ல, மக்களுக்காக அவற்றைக் காக்கும் பொறுப்பாளி என்ற கருத்தை நீதிமன்றம் ஏற்றது. நமக்கு மிக அண்மையிலுள்ளது சுன்னாகம். அங்கு மின்நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பு, மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனப் பணித்தது. நிலத்தடி நீரைக் கெடுத்தவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது குடாநாட்டின் கிணறுகளை முன்வைத்தே நிலைநாட்டப்பட்டிருக்கின்றது. குளத்தினுள் கழிவுக் குழாயைத் திருப்பிவிடும் விடுதிக்கும் கடைத்தொகுதிக்கும் எதிராகக் கரைவாசிகள் துணிந்து எடுத்துக்காட்டக்கூடிய தீர்ப்பு இது. அதே தீர்ப்பு கரைவாசிகளின் சொந்த மலக்குழியையும் நோக்கி விரல் நீட்டும் என்பதை மறக்கலாகாது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கால எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கின்றோம். கூட்டம் கூட்டி, தீர்மானம் எழுதி, மகஜர் கொடுத்துப் பதிலுக்குக் காத்திருந்தே அந்த மாதத்தை இழந்தவர்கள் பலர்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாடு இதே பிரச்சினையை ஒரு தனிச் சட்டத்தினால் அணுகியது. குளங்களையும் ஏரிகளையும் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றும் 2007 ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பணித் துறையின்கீழுள்ள ஏரிகளை முதலில் அளந்து, எல்லையை வரைபடமாகவும் பதிவேடாகவும் ஆக்கி, அதன்பின்னரே ஆக்கிரமிப்பை அகற்றும் ஒழுங்கை வகுத்தது. சட்டம் வந்தபின்னும் சென்னையின் ஏரிகள் சுருங்கியதை நாமறிவோம். சட்டத்தின் வெற்றியை மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அளவை முன்னே, அகற்றல் பின்னே என்ற அந்த வரிசை சரியானது. இங்கே அது தலைகீழாக நடைபெறுகின்றது.

யாழ். மாவட்டத்தின் பதினேழு உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சுக்குப் பின் ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றி இருந்து, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் பின் மீண்டும் இயங்கத் தொடங்கின. வட மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தபின் தெரிவு செய்யப்படவேயில்லை. எனவே இப்பணியைத் தொடங்கக்கூடியவை இன்று சபைகளே. ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் உள்ள குளங்களின் பட்டியலைத் தயாரித்து, பிரதேச செயலாளர், கமநலத் திணைக்களம், நில அளவைத் திணைக்களம் ஆகியோருடன் சேர்ந்து ஆண்டுக்கு ஐந்து குளங்களையேனும் அளந்து கல் நாட்டலாம். அளவைக்கு முன் கரைக்காணிக்காரர் அனைவருக்கும் அறிவித்தல் கொடுத்து, அவர்களது உறுதிகளையும் பழைய நிலப்படங்களையும் பெற்றுக்கொள்ளல் வேண்டும். நாட்டப்பட்ட கோடு நிலப்படமாகி, கரைக்காணிகளின் அடுத்த உறுதியில் ‘மேற்கே குளம்’ என்பதற்குப் பதிலாக நிலப்பட இலக்கமும் எல்லைக் கல்லும் குறிப்பிடப்படுதல் வேண்டும்.

ஒரு நடைமுறை விடயம் எஞ்சுகின்றது. அளவையாளர்கள் வழமையாகக் களத்தில் இறங்குவது கோடையில். அப்போதுதான் நடக்க முடியும். அந்த மாதங்களில் அளந்தால் குளம் சிறிதாகவே தோன்றும். வெள்ளத்தின் மறுநாள் அளந்தால் ஊரெல்லாம் குளமாகத் தோன்றும். வான்பாயும் மட்டம் எதுவோ அதுவே குளத்தின் நிறைமட்டம். மதகும் கலிங்கும் உள்ள குளங்களில் அதைக் கல்லிலேயே காணலாம். இல்லாத குளங்களில் நீர் வெளியேறும் வாய்க்காலின் தலைவாய் அதைக் காட்டும். அந்தத் தலைவாய்கள் பல மண்மூடிக் கிடப்பதால், அளவைக்கு முன் அவற்றைத் தோண்டித் துப்புரவாக்க வேண்டியிருக்கும். அது ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், மழை தொடங்குவதற்கு முன் செய்து முடிக்கக்கூடிய வேலை.